எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு: எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நான்கு ஆண்டுகள்

சிங்கப்பூரின் வடக்கே, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடத் தொலைவில், மூன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கும் ஒரு காப்பிக்கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் சமூக மன்றம். பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன்; நாளைக் காலையில் அந்த வரவேற்பு முகப்பில் இருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். 2021ல் கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, வாரத்தில் நான்கு நாளாவது அங்கே போகிறேன். உணவகத்துக்கு ஒரு முறை போய் வந்தவர்கள்கூட மதிப்புரை எழுதுகிறார்கள். எனக்கு அந்தத் தகுதி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

முதலில் பழைய கணக்கு. எனக்குச் சமூக நிலையம் (மன்றத்துக்கு அன்றைய பெயர்) என்றால் தொலைக்காட்சிப் பெட்டி. சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளான எங்களில் யார் வீட்டிலும் பெட்டி கிடையாது. சமூக நிலையத்தில் இருந்தது. உயரமான தாங்கியில், மரக் கதவு போட்டு, பூட்டும் போட்டிருந்தார்கள். சாவி வைத்திருப்பவர் வந்து திறக்கும் வரை நாங்கள் சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்போம். முன்வரிசையில் சிறுவர்கள், நடுவில் பெண்கள், பின்னால் பெஞ்சில் ஆண்கள், சன்னலுக்கு வெளியே தாமதமாக வந்தவர்கள். மலாய் நிகழ்ச்சியையும் பார்ப்போம், சீன நிகழ்ச்சியையும் பார்ப்போம், புரியாவிட்டாலும் பார்ப்போம். தமிழ் நிகழ்ச்சி வரும்போது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் எழுந்து போகமாட்டார்.

இத்தகைய நிலையங்களை நடத்தும் பொறுப்போடு 1960 ஜூலை 1 அன்று மக்கள் கழகம் சட்டபூர்வ அமைப்பாகத் தொடங்கப்பட்டது. இன்று தீவு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்கள். ஊழியர்கள் மாதச் சம்பளக்காரர்கள். அவர்களுக்குத் துணையாக மன்ற நிர்வாகக் குழு, மகளிர் செயற்குழு, மலாய்ச் செயற்குழு, இந்தியர் நற்பணிச் செயற்குழு, மூத்தோர் குழு, இளையர் குழு என்று தொண்டூழியர்களின் குழுக்கள். இவர்கள் மாலையில் வேலை முடிந்து, கழுத்தில் அலுவலக அட்டை தொங்கத் தொங்க வந்து கூட்டம் போடுவார்கள். எந்தக் குழு எந்த அறையில் கூடுகிறது என்று கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தாலே அந்த வாரத்தில் வட்டாரத்தில் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துவிடும்.

இனி இன்றைய கட்டடம். கீழ்த்தளத்தில் முகப்பு, அதன் எதிரே கூடைப்பந்துத் திடல். முதல் மாடியில் பல்நோக்கு மண்டபம். அதில்தான் பூப்பந்து (பேட்மிண்டன்), அதில்தான் கல்யாணம், அதில்தான் பொங்கல் விழா, தேர்தல் வந்தால் அதில்தான் வாக்களிப்பு. இரண்டாம் மாடியில் வகுப்பறைகள், கண்ணாடி பதித்த நடன அறை, சமையல் பயிற்சி அறை. கராவோக்கே அறை ஒன்று இருக்கிறது. அதன் கதவு சரியாகச் சாத்தாது. வியாழக்கிழமை பிற்பகல்களில் தைவான் பாடகி தெரேசா தெங்கின் பாடல்களை வட்டாரத்து மூத்த சீனப் பெண்மணிகள் எப்படிப் பாடுகிறார்கள் என்பதை நான் விரும்பியோ விரும்பாமலோ கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு ஆண்டுகளில் அவர்கள் நன்றாகவே முன்னேறியிருக்கிறார்கள்.

மண்டபத்தில் குளிர்சாதனம் கடும் குளிர். எத்தனை முறை சொன்னாலும் குறைப்பதில்லை. பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு அது சரி. உட்கார்ந்து உரை கேட்கிறவர்களுக்குச் சால்வை வேண்டும். பூப்பந்துத் திடலைப் பிடிப்பதும் எளிதல்ல. மாலை ஏழு மணிக்கு மேல் உள்ள நேரங்கள் முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே போய்விடுகின்றன. என் மகன் இரண்டு கைப்பேசிகளை வைத்துக்கொண்டு முயன்றும் மூன்று வாரம் தோற்றான். பிறகு போய்ப் பார்த்தால் நான்கு திடல்களில் ஒன்று காலியாகக் கிடக்கிறது, பதிவு செய்தவர் வரவில்லை. அப்படி வராதவர்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். முகப்பில் இருந்த இளைஞர் புன்னகைத்தார். சிங்கப்பூரில் அந்தப் புன்னகைக்கு என்ன பொருள் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் மண்டபத்தை மறந்துவிடலாம். சிங்கே ஊர்வலத்துக்கான நடனப் பயிற்சி. 1972ல் பட்டாசுக்குத் தடை வந்ததும், சீனப் புத்தாண்டின் களை போய்விடக் கூடாதென்று மறு ஆண்டு தொடங்கிய ஊர்வலம் அது; மக்கள் கழகம்தான் நடத்துகிறது. எங்கள் புளோக்கில் துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மாள் முதுகில் இறகுகளைக் கட்டிக்கொண்டு ஆடிப் பழகுவதைப் பார்த்த பிறகு, மண்டபம் கிடைக்காத கோபம் எனக்குப் போய்விட்டது.

மன்றம் உண்மையில் எதற்கு இருக்கிறது என்பதை நான் பூப்பந்திலும் நடனத்திலும் தெரிந்துகொள்ளவில்லை. 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டக் குறியீடு அபாய அளவான 401ஐத் தொட்டது. என் மனைவிக்கு ஆஸ்துமா. வீட்டில் அப்போது குளிர்சாதனம் கிடையாது. மன்றத்தில் ஓர் அறையைத் திறந்து, நாற்காலி போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றார்கள். அன்று மாலை வரை அவள் அங்கேதான் இருந்தாள், ஒரு மலாய்ப் பாட்டியும் இரண்டு கைக்குழந்தைகளும் துணை. யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. எந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. கொவிட் பரவத் தொடங்கிய 2020 பிப்ரவரியில் வீட்டுக்கு நான்கு முகக்கவசம் என்று அரசாங்கம் கொடுத்தபோதும் இவர்கள்தான் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு துவைத்துப் பயன்படுத்தும் கவசம், தொடர்புத் தடமறியும் கருவி என்று ஒவ்வொன்றாக அந்த முகப்பின் வழியேதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. கருவியைக் கொடுத்த பையன், அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிற்றுக்கு எந்த நிறம் வேண்டும் என்று கேட்டான். அந்த நாட்களில் என்னிடம் விருப்பம் கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

இப்போது பற்றுச்சீட்டுக் காலம். 2021 டிசம்பரில் வீட்டுக்கு நூறு வெள்ளி (டாலர்) என்று, கடையில் பணம்போல் செலவழிக்கும் முதல் மின்னிலக்கப் பற்றுச்சீட்டுகள் வந்தன. பிறகு தொகை கூடிக்கொண்டே போய், 2024 ஜனவரியில் ஐந்நூறு வெள்ளி. 2025 ஜூலையில் நாட்டின் 60ஆம் பிறந்தநாளுக்காக, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு எண்ணூறு வெள்ளி. பணம் வருவது நல்லது. அது அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகக் கைப்பேசிக்குள் இணைப்பாக வருகிறது என்பதுதான் சிக்கல். எங்கள் புளோக்கில் ஏழாம் மாடியில் இருக்கும் பெரியவருக்குக் கைப்பேசியில் தெரிந்தது இரண்டு: பச்சையைத் தொட்டால் பேசலாம், சிவப்பைத் தொட்டால் வைத்துவிடலாம். அவரை நான் மன்றத்துக்கு அழைத்துப் போனேன். முன்கூடத்தில் மேசை போட்டு மின்னிலக்கத் தூதர்கள் என்று சட்டை அணிந்த இருவர். அவர்களில் ஒரு பெண், பெரியவருடைய கைப்பேசியைத் தன் கையில் வாங்கவே இல்லை. விரலால் காட்டினாள், அவரே தொட்டார். தவறாகத் தொட்டார். மறுபடி காட்டினாள். நாற்பது நிமிடம். வரிசையில் நின்ற எனக்கே பொறுமை போய்விட்டது, அவளுக்குப் போகவில்லை. கடைசியில், "தாத்தா, இது கடினமாக இருந்தால் தாளிலும் அச்சிட்டுத் தருவோம்," என்றாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பெரியவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் உணவங்காடி நிலையத்தில் தாமே கைப்பேசியை நீட்டி மீன் சூப்புக்குப் பணம் கட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனவே, ஒரு தேவையோடு போகிறவருக்கு இந்த மன்றம் முதல் தரம். யோசனையோடு போகிறவருக்கு எப்படி என்பது வேறு கதை.

ஓய்வுபெற்ற முதல் ஆண்டில் எனக்கு ஓர் ஆசை. சனிக்கிழமை காலை, ஓர் அறை, ஒரு தமிழ் முரசு நாளிதழ், பத்துப் பேர். செய்தியைப் படிப்பது, பேசுவது, சண்டை போடுவது. அவ்வளவுதான். முகப்பில் கேட்டேன். அந்த இளம்பெண், சீனப் பெண், நல்ல மாதிரி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "அங்கிள், எட்டுப் பேர் பதிவு செய்தால்தான் வகுப்பு நடக்கும்," என்றாள். எட்டுப் பேர்தானே, தமிழர்கள் இல்லாத ஊரா இது என்று நினைத்தேன்.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். ரத்து. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த காலாண்டில் மின்தூக்கி வாசல்களில் நானே தாள் ஒட்டினேன். ஆறு பேர். மறுபடி ரத்து. பக்கத்து அறையில் கூட்டு நடன வகுப்புக்கு முப்பது பேர் வந்து, காத்திருப்போர் பட்டியல் வேறு. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

கோபத்தோடு ஒரு மாலை என் புளோக்கின் அஞ்சல் பெட்டிகளுக்கு முன்னால் நின்று எண்ணிப் பார்த்தேன். எந்த வீட்டில் யார் என்று முப்பது ஆண்டுகளாகத் தெரியும். தமிழ்க் குடும்பங்கள் ஒற்றை இலக்கத்தில் முடிந்துவிட்டன. அப்போதுதான் உறைத்தது. வீவக வீடுகளில் 1989 மார்ச் முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வோர் இனத்துக்கும் வட்டாரத்தில் இத்தனை விழுக்காடு, புளோக்கில் இத்தனை விழுக்காடு என்று வரம்பு. இந்தியர்களையும் மற்றவர்களையும் சேர்த்து, 2010 முதல் வட்டாரத்தில் 12, புளோக்கில் 15. அந்தப் பன்னிரண்டிலும் மலையாளி உண்டு, பஞ்சாபி உண்டு, யூரேசியர் உண்டு. தமிழ் பேசுகிறவர், அவரிலும் தமிழ் படிக்கிறவர், அவரிலும் சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகாதவர் என்று வடிகட்டிக்கொண்டே வந்தால் ஆறு பேர் கிடைத்ததே பெரிது.

கொள்கையை நான் குறை சொல்லவில்லை. கம்பத்துச் சிறுவர்களாக ஒரே பெட்டியை நான்கு மொழியில் பார்த்தவர்கள் நாங்கள். எதிர் வீட்டுச் சீனரும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் இல்லாத ஒரு நடைபாதையை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் மக்களைத் தீவெங்கும் பரப்பி வைக்கிற கணக்கும், எட்டுப் பேர் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் வகுப்பு என்கிற கணக்கும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. பெரும்பான்மையினருக்கு அக்கம்பக்கம் என்பது புளோக்கின் கீழே தொடங்குகிறது. தமிழனுக்கு அது நான்கு எம்ஆர்டி நிலையங்களுக்கு நீள்கிறது. எட்டு என்ற எண் எல்லாருக்கும் ஒன்றுதான். எட்டுவதற்கு நடக்க வேண்டிய தூரம் ஒன்றல்ல. இதை முகப்புப் பெண்ணிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அப்படி நான் நினைத்துப் பார்த்ததில்லை அங்கிள்," என்றாள். பொய்யில்லாத பதில். ஆனால் விதி விதிதான்.

வழி, நற்பணிச் செயற்குழுவில் இருந்த ஒரு தம்பியின் மூலம் கிடைத்தது. பகலில் ஏதோ வங்கியில் வேலை, இரவில் இந்தத் தொண்டு. "ஐயா, நம் மன்றத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்து மூன்று மன்றங்களின் நற்பணிக் குழுக்களோடு சேர்ந்து செய்வோம்," என்றார். சேர்ந்து செய்தோம். பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒருவர் இரண்டு பஸ் மாறி வருகிறார். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிறது, நான்கு மன்றங்களிலும் மாறி மாறி. எங்கள் முறை வரும்போது மட்டும் குளிர்சாதனம் பற்றி எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள். வகுப்பு நடக்கிறது என்பதில் மகிழ்ச்சி. ஆனால் ஏழாம் மாடிப் பெரியவரால் மற்ற மூன்று மன்றங்களுக்கு வர முடியாது. அவருக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் தமிழ்ச் சனிக்கிழமை.

தமிழ்ச் சுவரொட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓராண்டு தீபாவளிக்கு மன்ற வாசலில் ஆளுயரப் பதாகை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் வேறெங்கோ. கணினி எழுத்துருவை மாற்றும்போது உடைந்து போயிருக்கிறது; அதைப் பார்த்தவர் யாருக்கும் தமிழ் தெரியவில்லை. எங்கள் மொழி இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அதை இப்படி எலும்பு எலும்பாகக் கழற்றித் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதாகை இறங்கியது. மறுநாள் தொலைபேசி. புதியதை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு முறை பார்த்துக் கொடுக்க முடியுமா என்று. அன்று முதல் நான் எங்கள் மன்றத்தின் சம்பளமில்லாத பிழைதிருத்துநர். "நல்வாழ்த்துக்கள்" என்று வந்தால் "க்"கை வெட்டி அனுப்புகிறேன். ஏன் வெட்டினேன் என்று அவர்கள் கேட்டதே இல்லை. ஒரு நாள் கேட்டால் விளக்கலாம் என்று தயாராக இருக்கிறேன்.

பெரிய மன்றங்களோடு ஒப்பிட வேண்டுமா? என் மகள் தெம்பனிஸில் இருக்கிறாள். அங்கே 2017ல் திறந்த நமது தெம்பனிஸ் நடுவத்தைப் பார்த்தவர்களுக்கு எங்கள் மன்றம் பொம்மை வீடாகத் தெரியும். நீச்சல் குளங்கள், வட்டார நூலகம், உணவங்காடி நிலையம், 5,000 இருக்கைகளோடு காற்பந்து அரங்கம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். பேரன் அங்கே போனால் வீட்டுக்கு வர மறுக்கிறான். எனக்கு அங்கே திசை தெரியவில்லை. தகவல் முகப்பில் இருந்தவர் மிகப் பணிவாக வழி சொன்னார். எங்கள் மன்றத்திலோ, இரண்டு நாள் நான் போகவில்லையென்றால் பாதுகாவலர், "காய்ச்சலா அங்கிள்?" என்று கேட்கிறார்.

வகுப்புகளில் நான் சேர்ந்து முடித்தவை மூன்று. கைப்பேசிப் புகைப்படம்: ஆசிரியர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், இரண்டாம் வாரமே தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனார். தைச்சி: முழங்காலுக்கு நல்லது, ஆனால் காலை ஏழரை மணி. பெரானாக்கான் சமையல்: வகுப்பில் பத்துப் பெண்கள், ஆண் நான் ஒருவன். புவா கெலுவாக் கொட்டையை ஊறவைப்பதற்கே பல நாள் ஆகும் என்று ஆசிரியை சொன்னதும் என் உற்சாகம் பாதி வடிந்துவிட்டது. ஆசிரியர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற பகுதிநேரக்காரர்கள். எனவே தரம் ஆளுக்கு ஆள் மாறும். சேருமுன் அவர் இதே வகுப்பை முன்பு எத்தனை முறை நடத்தியிருக்கிறார் என்று முகப்பில் கேளுங்கள், சொல்வார்கள். மூத்தோருக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதையும் நீங்கள்தான் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்வது ஊழியரைப் பொறுத்தது.

பொங்கல் விழாவைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் நற்பணித் தம்பி கோபித்துக்கொள்வார். கூடைப்பந்துத் திடலில் ஏழு பானை. போன ஆண்டு, பானை பொங்கும் நேரத்தில் "பொங்கலோ பொங்கல்" என்று தமிழர்கள் இருபது பேர் கத்தினோம். சுற்றிலும் கைப்பேசி பிடித்துக்கொண்டு நின்ற சீனப் பெண்மணிகள் கூட்டு நடன வகுப்பின் பயிற்சியில் எங்களைவிட உரக்கக் கத்தினார்கள். சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

ஆனால் என்னை வாரத்தில் நான்கு நாள் அங்கே இழுப்பது இவை எதுவும் இல்லை. பின்வாசலை ஒட்டிய நடையில் ஒரு கேரம் பலகை. முன்பதிவு இல்லை, கட்டணம் இல்லை, எட்டுப் பேர் வேண்டாம், இருவர் போதும். பவுடர் டப்பாவை முகப்பில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என்னோடு ஆடுகிறவர் டாக்சி ஓட்டி ஓய்வுபெற்ற மலாய்க்காரர். அவர் என்னை "அண்ணே" என்பார், நான் அவரை "அபாங்" என்பேன், மலாயில் அதுவும் அண்ணன்தான். யார் மூத்தவர் என்று இன்னும் தீர்க்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறோம். சிவப்புக் காய் விஷயத்தில் அவர் கில்லாடி, நான் எண்பத்து மூன்று ஆட்டம் பின்தங்கியிருக்கிறேன். சில நாள் பள்ளி விட்டு வரும் பையன்கள் நிற்பார்கள். போன மாதம் ஒருவன், தமிழ்ப் பையன், உயர்நிலை ஒன்று, "தாத்தா, கட்டைவிரலால் அடித்துப் பாருங்கள்," என்று எனக்குப் பாடம் நடத்தினான். தமிழில் நடத்தினான். எந்த வகுப்புக்கும் பதிவு செய்யாமல் கிடைத்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: வார நாட்களில் காலை பத்து மணிக்கு முன் போனால் முகப்பில் கூட்டம் இருக்காது. பற்றுச்சீட்டு வெளியாகும் வாரத்தில் போகவே வேண்டாம், அவசரமில்லையென்றால் பத்து நாள் பொறுங்கள். வாகன நிறுத்துமிடம் சிறியது, கல்யாணம் நடக்கும் நாளில் பக்கத்துப் புளோக்கில்தான் விட வேண்டும். மண்டபத்துக்குச் சால்வை. எதிரே காப்பிக்கடையில் கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) நன்றாக இருக்கும்; மன்றத்துக்குள் இருக்கும் இயந்திரத்தில் வருவதைக் கோப்பி என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுக்கிறேன். பிடித்து வைத்திருக்கும் ஒன்று அந்த எட்டுக்காக.

கேரம் பலகைக்குச் சொந்தமாக நான்கு முக்காலிகள். இப்போது ஒன்றின் கால் ஆடுகிறது. அதில் அபாங்கை உட்கார வைக்கிறேன்.